ஒற்றைப் பலகை மேசை: நகாஷிமாவைப் பொள்ளாச்சியிலிருந்து வாசித்தல்

ஜார்ஜ் நகாஷிமாவின் 'தி சோல் ஆஃப் எ ட்ரீ' பற்றி எழுதணும்னு ஒரு குறிப்பு ரொம்ப நாளாக என் கோப்பில் கிடந்தது. 1981-இல் வந்த புத்தகம். மரவேலையில் ஆர்வம் உள்ளவர்களிடம் ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க என்று கேட்டால் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். தலைப்பிலேயே மரத்துக்கு ஆன்மா உண்டு என்று சொல்லிவிடுகிற புத்தகம். படங்கள் அருமை. மொழி எளிமை. படித்து முடித்ததும் வீட்டில் இருக்கிற பிளைவுட் மேசையைப் பார்த்தால் எரிச்சல் வரும், அந்த அளவுக்கு வேலை செய்கிற புத்தகம்.

இப்போ எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், வீட்டிலிருந்து வேலை பார்க்கப் பழகிவிட்ட நம்ம சாஃப்ட்வேர் ஆட்களிடம் பரவிக்கொண்டிருக்கும் ஸ்லாப் மேசை மோகம். லட்சத்தில் விலை சொல்லும் மேசைகளின் படத்தை அனுப்பி, "உங்க ஊர்ல ஈட்டி ஸ்லாப் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். பொள்ளாச்சி என்றால் ஆனைமலை, ஆனைமலை என்றால் மரம் என்று ஒரு கணக்கு. அந்தக் கேள்விக்கான பதில் நகாஷிமாவின் புத்தகத்தில் இல்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. புத்தகத்தை விட வாழ்க்கை நல்ல பதில் சொல்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்காக முதலில் ஸ்லாப் என்றால் என்னன்னு சொல்லிவிடுகிறேன். சாதாரண மேசைக்கு மரத்தை நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் அகலப் பலகைகளாக அறுத்து, பக்கம் பக்கமாக ஒட்டி மேல்பலகை ஆக்குவார்கள். ஸ்லாப்பில் அந்த வேலை கிடையாது. அடிமரத்தை நீளவாக்கில் இரண்டு, இரண்டரை இஞ்ச் கனத்துக்கு முழு அகலத்தோடு அறுப்பார்கள். பட்டையை உரித்துவிட்டு, மரத்தின் வெளிக்கோடு எப்படி வளைந்து நெளிந்ததோ அப்படியே ஓரமாக விட்டுவிடுவார்கள். இதுதான் 'லைவ் எட்ஜ்'. பலகையில் விரிசல் இருந்தால் அதற்குக் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டைப் பதித்து, மேலும் விரியாமல் பிடித்து வைப்பார்கள். சமீபத்தில் இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது: இரண்டு ஸ்லாப்புக்கு நடுவே நீலக்கலர் எபாக்சியை ஊற்றி 'ரிவர் டேபிள்'. அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பிஏபி வாய்க்காலில் இந்தத் தடவை தண்ணி எப்போ விடுவாங்கன்னு வருஷம் பூராவும் பேசுகிற ஊர்க்காரனுக்கு மேசை நடுவில் பிளாஸ்டிக் ஆறு தேவைப்படவில்லை.

முழு அகலப் பலகை, வெட்டாத ஓரம், பட்டாம்பூச்சி ஆப்பு. இந்த மூன்றையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் நகாஷிமா. 1905-இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கல்லூரியில் வனவியலில் ஆரம்பித்துக் கட்டிடக்கலைக்கு மாறினார். 1930-இல் எம்ஐடியில் முதுகலைப் பட்டம். பிறகு ஊர் சுற்றி, டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற செக் நாட்டுக் கட்டிடக்கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். அந்த அலுவலகத்துக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு வேலை வந்தது. அரவிந்தர் ஆசிரமத்துக்கு ஒரு விடுதி கட்ட வேண்டும். நேரில் நின்று வேலையைப் பார்க்க 1937-இல் நகாஷிமா அனுப்பப்பட்டார்.

அந்த விடுதிதான் கோல்கொண்ட். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக நிஜாம் அரசின் பணம் கிடைத்ததால் அந்தப் பெயர். இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டிடங்களில் முக்கியமானது. சுவருக்குப் பதிலாகக் கட்டிடத்தின் நீளம் முழுக்கத் திறந்து மூடும் பட்டைகள். கண்ணாடி ஜன்னல் கிடையாது. காற்று ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகும். வேலை பார்க்க வந்த நகாஷிமா சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஆசிரமத்திலேயே சீடராகச் சேர்ந்துவிட்டார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. 1939-இல் கிளம்பிவிட்டார் என்றாலும், அவர் முதன்முதலாகப் பெரிய அளவில் மரச்சாமான் வடிவமைத்தது அங்கேதான். உலகப் புகழ்பெற்ற தச்சரின் தொடக்கம் நம்ம புதுச்சேரியில், தேக்கில். இதை நம் ஆட்கள் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் சின்ன வருத்தம்.

அந்தச் சாமான்கள் எப்படி இருக்கின்றன? படங்களில் பார்த்தாலே தெரியும், கண்ணைப் பறிக்கிற பலகை ஒன்றுகூட இல்லை. ஒரு அறை, ஒரு கட்டில், எழுத ஒரு மேசை, ஒரு நாற்காலி. நேர்கோடுகள். தேவைக்கு மேல் கனம் இல்லாத தேக்குச் சட்டங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அறைகளின் தள்ளுகதவுகள்: தேக்குப் பட்டைகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள், காற்று வரும், உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். மெல்லிய பட்டைகளை வைத்து வெயில், காற்று, மறைவு என மூன்று பிரச்சினைகளுக்கு ஒரே விடை. எங்கள் தொழிலில் நல்ல கோடு என்று எதைச் சொல்வோமோ அது இதுதான். எந்த வரியையும் நீக்க முடியாது, எந்த வரியும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

அடுத்து நடந்தது சோகக்கதை. அமெரிக்கா திரும்பிய நகாஷிமா 1942-இல், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, மனைவி, கைக்குழந்தையோடு ஐடஹோ பாலைவனத்தில் இருந்த மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கெண்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானிய மரபுத் தச்சர் அறிமுகமானார். கையிருப்பு என்று பார்த்தால் கழிவுக் கட்டைகளும் பாலைவனப் புதர்க்கட்டையும்தான். அதை வைத்து இணைப்புகளும் இழைப்பும் கற்றுக்கொண்டார். 1943-இல் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே எடுத்தார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் அருகே குடியேறி சிறு பட்டறை ஆரம்பித்தார். நல்ல பலகை வாங்கக் காசில்லை. மில்லில் மற்றவர்கள் ஒதுக்கிய, முடிச்சும் விரிசலும் உள்ள துண்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கினார். விரிசலை மறைக்க முடியாது, எனவே ஆப்பு வைத்துக் காட்டினார். ஓரத்தை நேராக வெட்டினால் பலகையின் அகலம் போய்விடும், எனவே வெட்டாமல் விட்டார்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இன்று லட்சக்கணக்கில் விற்கப்படும் அந்த பாணி, ஒதுக்கப்பட்ட மரத்தை வீணாக்காமல் பயன்படுத்தப் பிறந்தது. விரிசல் ஒரு குறையாக இருந்தது, அதற்கு ஒரு தீர்வு இருந்தது. இப்போது விரிசல் இல்லாத பலகையிலும் அழகுக்காகப் பட்டாம்பூச்சி பதிக்கிறார்கள். நிஜமான பக் இல்லாத இடத்தில் பேட்ச் போடுகிற மாதிரி. நகாஷிமாவே கடைசிக் காலத்தில் உலகின் பெரிய மரங்களைத் தேடிப்போய் வாங்கினார். 1973-இல் நெல்சன் ராக்பெல்லர் தன் வீட்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட சாமான்கள் ஆர்டர் கொடுத்தார். அதில் தப்பில்லை, திறமைக்குக் கிடைத்த கூலி. ஆனால் புத்தகம் எழுதப்பட்டது அந்த உச்சத்தில் நின்றுகொண்டு. அதனால் அது பெரிய, வயதான, அபூர்வமான மரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. எந்தப் பலகையும் ஒரே ஒரு சரியான பயனுக்காகக் காத்திருக்கிறது, தச்சன் அதைக் கண்டுபிடிக்கிறான் என்பது அதன் மையமான நம்பிக்கை. வாசிக்க மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் இந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு: மரமே எல்லாம் செய்துவிடுகிறது, மனிதர் சும்மா வழிவிடுகிறார் என்ற தோற்றம்.

இதை முன்கூட்டியே மறுத்தவர் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தின் டேவிட் பை. 1968-இல் வந்த அவருடைய 'தி நேச்சர் அண்ட் ஆர்ட் ஆஃப் வொர்க்மேன்ஷிப்' புத்தகத்தில், நல்ல பொருள் என்று இயற்கையில் ஒன்றும் இல்லை என்கிறார். வால்நட் மரத்தின் பெரும்பகுதி சருகும் விறகும்தான். சரியாக வெட்டி, அறுத்து, உலர்த்தி, தேர்ந்தெடுத்து, பொருத்தி, மெருகேற்றிய கைகள்தான் அதை நல்லதாக ஆக்குகின்றன என்பது அவர் வாதம். நகாஷிமாவின் ஆஸ்தான மரமும் வால்நட்தான் என்பது ருசியான தற்செயல். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எனக்கு பை சொல்வதுதான் சரியாகப் படுகிறது. கோல்கொண்டின் கதவுப்பட்டைகளைப் பாருங்கள். அதில் மரத்தின் ஆன்மா பற்றிய பேச்சு இல்லை, வேலை இருக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 'தி சோல் ஆஃப் எ ட்ரீ' மரத்துக்கும் தச்சருக்கும் நடுவில் நடக்கும் காதல் கதை. அந்தக் கதையில் காடு யாருடையது, யார் வெட்டினார், யார் இழுத்துவந்தார் என்ற ஆட்கள் என் வாசிப்பில் தட்டுப்படவில்லை. பென்சில்வேனியாவின் பண்ணைத் தோட்டத்து வால்நட்டுக்கு அந்தக் கேள்விகள் பெரிதாக எழாமல் இருக்கலாம். ஆனைமலைத் தேக்குக்கும் ஈட்டிக்கும் அவைதான் முதல் கேள்விகள்.

சேத்துமடை வழியாக டாப்சிலிப் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பெயரே மரம் தள்ளிவிட்ட கதை. மேலே வெட்டிய கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடம். பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குத் தேக்கு வேண்டியிருந்தது. தேக்குக் கப்பல் எவ்வளவு நாள் வரும் என்பதற்கு ஒரு சாட்சி, 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்துத் தச்சர்கள் மலபார் தேக்கில் கட்டிய 'டிரிங்கமலி'. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. 1848-இல் லெப்டினன்ட் ஜேம்ஸ் மைக்கேல் ஆனைமலைக் காட்டின் பொறுப்புக்கு வந்தார், அவருக்குப் பிறகு டக்ளஸ் ஹாமில்டன். கப்பலுக்குப் பின் ரயில் வந்தது. தண்டவாளக் கட்டைகளுக்கு இன்னும் மரம் தேவைப்பட்டது. வெட்டியவர்கள், யானையை நடத்தியவர்கள், வழி காட்டியவர்கள் பெரும்பாலும் காடர்களும் மலசர்களும். கோழிகமுத்தி யானை முகாமில் இன்றைக்கும் பாகன்கள் பெரும்பாலோர் மலசர்கள்.

பிறகு ஹியூகோ வுட் வந்தார். முதல் உலகப்போர் சமயத்தில் இங்கே வன அதிகாரி. அடியோடு வெட்டி அழிப்பதை நிறுத்தி, அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்ற முறையைக் கொண்டுவந்தவர். கைத்தடியால் மண்ணில் குத்திக் குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று ஊரில் சொல்வார்கள். 1933-இல் இறந்தபோது அவர் விருப்பப்படியே டாப்சிலிப்பில் புதைத்தார்கள். என்னைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார் என்ற பொருள்வரும் லத்தீன் வாசகம் கல்லறையில் இருக்கிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் கட்டிடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னுக்கு எழுதியது இங்கே தேக்குக் காட்டுக்கு நடுவே. ஆனால் சுற்றிலும் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் ஒரே மரம், ஒரே வயது, வரிசையாக. பல நூறு வகை மரங்கள் நின்ற காட்டுக்குப் பதிலாக வந்த தோட்டம் அது. வுட் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த வாசகத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பழைய காட்டுத் தேக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க டாப்சிலிப் தாண்டிப் பரம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு நிற்கிறது. சுற்றளவு சுமார் 7 மீட்டர். அப்படியென்றால் குறுக்களவு 2 மீட்டருக்கு மேல். இதிலிருந்து ஒரு ஸ்லாப் எடுத்தால் ஏழு அடி அகலம் வரும் என்று மனசு கணக்குப் போடத்தான் செய்கிறது, மறைப்பானேன். வெட்ட முயன்றபோது ரத்தம் வந்தது என்றும் அதனால் கன்னிமார் குடியிருக்கும் மரமாக வணங்குகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். நகாஷிமா சொன்ன ஆன்மா இங்கேயும் உண்டு. வித்தியாசம், இங்கே அந்த நம்பிக்கை மரத்தை நிற்க வைத்தது. அங்கே அதே நம்பிக்கை மரத்தை மேசையாக்கியது.

இப்போ ஈட்டி. சிலர் தோதகத்தி என்பார்கள், சிலர் நூக்கு. கருஞ்சிவப்பில் கறுப்பு ரேகை ஓடும். வைரம் பாய்ந்த ஈட்டியை இழைத்துவிட்டால் வேறு மெருகு தேவையில்லை. வளர்ச்சி மெதுவானது. இரண்டரை அடி அகலம் வைரம் வேண்டுமானால் நம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்து மரம் வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம், சொந்தப் பட்டா நிலத்தில் நின்ற மரமாக இருந்தாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்றது. 2017 ஜனவரியில் இருந்து ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில். அனுமதிச் சீட்டில்லாமல் நாடு தாண்டக் கூடாது. ஆக, காகிதம் இல்லாத ஈட்டி ஸ்லாப் என்று ஒன்று விற்பனைக்கு வருகிறதென்றால், அதன் பின்னால் கதை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எனக்கே ஒருமுறை அப்படி ஒன்று காட்டப்பட்டது. ஆறடிக்கு மூன்றடி, தார்ப்பாய்க்கு அடியில். விற்பவர் தண்ணீர் தெளித்துக் காட்டினார். தண்ணீர் பட்டதும் ரேகை எழுந்து வந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. மரம் எங்கிருந்து என்றேன். "அதெல்லாம் எதுக்குங்க சார், கட்டையைப் பாருங்க" என்றார். பில்? "பழைய வீட்டுக் கட்டைன்னு வெச்சுக்குங்க." பழைய வீட்டில் மூன்றடி அகலத்தில், லைவ் எட்ஜோடு, ஆணித் துளை ஒன்றுகூட இல்லாமல் எந்தக் கட்டை இருந்தது என்று நான் கேட்கவில்லை. வாங்கவும் இல்லை. ஆனால் அந்த ரேகை இன்னும் கண்ணில் நிற்கிறது. இதனால்தான் நகாஷிமாவின் புத்தகத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பலகை முன்னால் நிற்கும்போது 'இதற்கு இரண்டாவது வாழ்க்கை கொடுக்கிறேன்' என்ற வாக்கியம் தானாக மனதுக்கு வருகிறது. அழகான வாக்கியம். திருட்டு மரத்துக்கும் அது அப்படியே பொருந்தும் என்பதுதான் சிக்கல்.

அறம் ஒருபக்கம் இருக்கட்டும், மேசையாக அது எப்படி? ஒரு பொறியாளராகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறடி, மூன்றடி, இரண்டரை இஞ்ச் கனம் என்றால் 3.75 கன அடி. ஈட்டியின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 850 கிலோ. மேல்பலகை மட்டும் 90 கிலோ வருகிறது. தேக்கு என்றால் 70 கிலோவுக்குப் பக்கம். உயரம் ஏற்றி இறக்கும் மோட்டார் கால்கள் வாங்குகிறவர்கள் அதன் தாங்கு எடையை முதலில் பார்க்கவும். அடுத்து அசைவு. மரம் ஈரத்தை வாங்கும், விடும்; நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில் அசையும். சராசரியாக ஒரு சதவீத ஈரத்துக்கு அகலத்தில் 0.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏசி அறைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வரும் ஆடி மாசச் சாரலுக்கும் நடுவே நாலு சதவீத வித்தியாசம் வந்தாலே மூன்றடிப் பலகை 7 மில்லிமீட்டர் போய் வரும். பலகையைக் காலில் இறுக்கி ஸ்க்ரூ போட்டால் எங்காவது வெடிக்கும். ஸ்க்ரூ துளையை நீள்வட்டமாக விட வேண்டும். அதோடு ஆரத்தை ஒட்டிய சுருக்கத்தை விட வளையத்தை ஒட்டிய சுருக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் அகலப் பலகை கிண்ணம் போல் வளைகிறது. இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. இரண்டரை இஞ்சுக்கு இரண்டரை வருஷம். அவ்வளவு நாள் காத்திருந்து விற்கும் வியாபாரி எத்தனை பேர்?

இதையெல்லாம் எங்கள் பகுதியில் நாற்பது வருஷமாக வேலை செய்யும் ஒரு ஆசாரியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஏனுங்க தம்பி, மரம் அடங்கறதுக்குத்தான நாங்க அத துண்டு துண்டா அறுத்து மாத்தி மாத்தி ஒட்டறது? நீங்க சொல்றத பாத்தா அடங்காத மரத்த காசு குடுத்து வாங்கற மாதிரி இருக்குதுங்களே" என்றார். "அப்ப பெரிய பலகையே ஆகாதுங்களாண்ணா?" என்றேன். "ஆகும்ங்க. ஊஞ்சப் பலகைக்கு ஆகும். எழுதற மேசைக்கு எதுக்கு?" ஊஞ்சல் பலகை எங்கும் இறுகப் பிடிக்கப்படாமல் தொங்குவது, எவ்வளவு அசைந்தாலும் வெடிக்காது. டேவிட் பை ஒரு அத்தியாயத்தில் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

நகாஷிமாவின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். அவருடைய வாதம் முழுக்கச் சரியாக இருக்கும் இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. கோவை–பொள்ளாச்சி சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்துப் புளியமரங்கள் விழுந்தன. அவற்றின் நிழலில் பஸ்ஸுக்கு நின்றவர்களில் நானும் ஒருத்தன். சாலையோர மரம் சாதாரணமாகப் போய்ச் சேருமிடம் விறகு, இல்லையென்றால் கறிக்கடை அடிக்கட்டை. புளியின் நடுவைரம் கருஞ்சிவப்பு, இரும்பு மாதிரி, ஆனால் சின்னது. சுற்றிலும் உள்ள வெள்ளைக்கட்டையில் பூச்சி விழும், வளைவும் பொந்தும் ஏராளம். நேர்ப்பலகை எடுத்தால் முக்கால்வாசி வீண். அப்படிப்பட்ட மரத்துக்குத்தான் வெட்டாத ஓரமும் ஆப்பும் பொருத்தம். நகாஷிமா ஆரம்பத்தில் செய்ததும் அதுதானே. அதேபோல வாகை. மரச்செக்குக்கு வாகைதான் என்று கொங்குப் பகுதியில் சொல்வார்கள். அகலமும் வரும், அடர்பழுப்பில் வைரமும் வரும். தூங்குமூஞ்சி மரம் இன்னும் அகலம். வெளிநாடுகளில் இதன் ஸ்லாப்பை 'மங்கி பாட்' என்று பெயர் சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்கள், இங்கே தோட்டத்தில் விழுந்தால் அள்ளிப்போக ஆள் தேட வேண்டும்.

"பொள்ளாச்சிக்குத் தென்னை இருக்கே?" என்று சிலர் கேட்கலாம். தென்னைக்கு வளையமும் இல்லை, நடுவைரமும் இல்லை. நேர்மாறாக வெளிப்பக்கம்தான் கெட்டி, நடு பஞ்சு. ஸ்லாப்பாக எடுத்தால் நடுப்பகுதி அமுங்கும். வெளிச்சுற்றில் மூன்று நாலு இஞ்ச் பட்டைகளாக எடுத்து ஒட்டினால் புள்ளி புள்ளியாக அழகான மேசை வரும். அதாவது, கோல்கொண்ட் முறை.

மேசையின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு உலகத்திலேயே பிரபலமான மேசை ஒன்று இருக்கிறது. அமெரிக்க அதிபரின் 'ரெசல்யூட்' மேசை. ஆர்க்டிக் பனியில் சிக்கி 1854-இல் கைவிடப்பட்ட பிரிட்டிஷ் கப்பல் ரெசல்யூட். அமெரிக்கத் திமிங்கல வேட்டைக்காரர்கள் அதை மிதக்கக் கண்டு மீட்டார்கள். அமெரிக்கா சீர்செய்து திருப்பிக் கொடுத்தது. 1879-இல் கப்பலை உடைத்தபோது அதன் ஓக் கட்டைகளில் மேசை செய்து 1880-இல் விக்டோரியா அரசி அதிபர் ஹேய்ஸுக்கு அனுப்பினார். ஓக் அங்கே அபூர்வமே இல்லை. அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது, யார் கை மாறியது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அந்த மேசைக்கு மதிப்பு கொடுப்பது அதுதான். தார்ப்பாய்க்கு அடியில் பார்த்த ஈட்டிக்கு இல்லாமல் போனதும் அதுதான்.

என் மேசை பற்றியும் கேட்பீர்கள். இடிக்கப்பட்ட ஒரு தொட்டிக்கட்டு வீட்டின் தேக்குச் சட்டங்கள், யார் வீடு, எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். ஐந்து பலகையாக அறுத்து ஒட்டியது, ஒன்றேகால் இஞ்ச் கனம், ஒரு ஆள் ஒரு முனையைத் தூக்கி நகர்த்தலாம். இரண்டு இடத்தில் பழைய ஆணியின் கறை கறுப்பாக இருக்கிறது. ஆசாரி அதை அடிப்பக்கம் திருப்பிவிடலாம் என்றார். மேலேயே இருக்கட்டும் என்றேன். நகாஷிமா இதற்கு ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

புதுச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நகாஷிமாவின் இரண்டு முனைகளும் அங்கே சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்று கோல்கொண்ட், இப்போதும் ஆசிரம விடுதி, நினைத்த நேரத்தில் உள்ளே போய்விட முடியாது, முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். இன்னொன்று ஆரோவில்லில் யூனிட்டி பெவிலியனில் உள்ள அமைதி மேசை. ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு அமைதி மேசை வைக்க வேண்டும் என்பது நகாஷிமாவின் கனவு. முதலாவது 1986-இல் நியூயார்க்கில் செயின்ட் ஜான் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. 1990-இல் அவர் இறந்த பிறகு மகள் மீரா தொடர்ந்தார். ஆசியாவுக்கானது ஆரோவில்லுக்கு வந்தது. பெரிய வால்நட் ஸ்லாப், வெட்டாத ஓரம், பட்டாம்பூச்சி ஆப்புகள், எல்லாம் உண்டு. அதைச் சுற்றி உட்கார்ந்து பேசலாம், தியானிக்கலாம்; லேப்டாப் வைத்து வேலை பார்க்க யாருக்கும் தோன்றாது. கும்பிடுவதற்கான மேசை அது, அந்த இடத்தில் அது சரி. எழுதுவதற்கான மேசை கோல்கொண்டின் அறைக்குள்ளே, மெல்லிய தேக்கில், 1930-களிலேயே வடிவமைக்கப்பட்டுவிட்டது.